எந்த இடத்துக்கு எவ்வளவு சுத்தம்?

கேள்வி: மிஸ்ஸி, நான் நானுஓயா பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். காலையில் நுவரெலியா டவுனில் எட்டு அறை உள்ள விடுதியொன்றில் சுத்தம் செய்கிறேன். செவ்வாய், வியாழன் பின்னேரங்களில் ஒரு பல் டொக்டரின் கிளினிக்கைத் துப்புரவு செய்கிறேன். வீட்டில் எட்டு மாதக் கைப்பிள்ளை. மாமிக்குச் சீனி வருத்தம், காலில் ஆறாத புண். விடுதி முதலாளி எல்லாம் பளபளவென்று இருக்கவேண்டும் என்கிறார். டொக்டர் கிருமியே இருக்கக்கூடாது என்கிறார். மாமியோ சவர்க்காரமும் தண்ணியும் போதாதா, வீடு முழுக்க ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறதே என்று ஏசுகிறார். போன மாதம் விடுதி மலசலகூடத்தில் மஞ்சள் கறை போகவில்லை என்று, கழிவறை கழுவும் திரவத்தின் மேலேயே பிளீச்சையும் ஊற்றிவிட்டேன். மூச்சடைத்துக்கொண்டு வந்தது, இரண்டு நாள் இருமினேன். எந்த இடத்துக்கு எவ்வளவு சுத்தம் வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. நீங்கள் சொல்வீர்களா?

பதில்:

தங்கச்சி, கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, அந்த இருமல் விஷயத்தை முதலில் எடுக்கிறேன். மற்றது அப்புறம்.

கழிவறை கழுவும் திரவங்களில் பெரும்பாலானவை அமிலம். பிளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915-ல் பெல்ஜியத்துப் போர்முனையில் சிப்பாய்கள்மேல் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். நுவரெலியாக் குளிருக்கு ஜன்னலைச் சாத்திவைத்த சின்னக் குளியலறையில் அதை நீங்கள் சுவாசித்திருக்கிறீர்கள். கொஞ்ச நேரம் கூட நின்றிருந்தால் இரண்டு நாள் இருமலோடு விட்டிருக்காது. வினாகிரி, தேசிக்காய்ச் சாறு, கண்ணாடி துடைக்கும் சில திரவங்களில் உள்ள அமோனியா, இவையும் பிளீச்சோடு சேரக்கூடாது. பிளீச்சுக்குத் துணை பச்சைத் தண்ணீர் மட்டும்தான். வெந்நீர்கூட வேண்டாம், சூட்டில் அதன் வீரியம் போய்விடும். தவறிக் கலந்துவிட்டால், கழுவி ஊற்றலாம் என்று அங்கேயே நிற்கவேண்டாம். வாளியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து நல்ல காற்றில் நில்லுங்கள். மூச்சு இழுத்தாலோ நெஞ்சு இறுகினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அந்த மஞ்சள் கறை பெரும்பாலும் தண்ணீரில் உள்ள உப்பும் இரும்பும் படிந்தது. அதற்கு அமிலத் திரவம் மட்டும் போதும். ஊற்றி, அரை மணி நேரம் ஊறவிட்டு, தேய்த்துக் கழுவுங்கள். கறை போவதற்குப் பிளீச் ஒன்றும் செய்யாது.

சரி, இப்போது கேள்விக்கு வருகிறேன்.

முப்பது வருடம் மலைநாட்டு ஆஸ்பத்திரிகளில் தாதியாக இருந்தேன். கடைசிப் பத்து வருடம் தொற்றுக் கட்டுப்பாட்டு வேலை. எனக்கு இந்தப் பாடம் முதலில் புரிந்தது படிப்பில் இல்லை, வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தள்ளுவண்டியின் முன்னால். வண்டி நிறைய மருந்துத் திரவத்தைத் தெளித்துத் துடைத்துவிட்டு, முடிந்தது என்று மேட்ரனிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு பஞ்சைத் தண்ணீரில் நனைத்தார். தட்டின் விளிம்பு மடியும் இடத்தில் ஒரு இழு இழுத்தார். பஞ்சு செம்பழுப்பாக வந்தது. காய்ந்த ரத்தம். "மருந்தை எல்லாம் இதுதான் தின்றிருக்கிறது, பிள்ளை. அடியில் இருக்கிற கிருமிக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை" என்றார்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ரத்தம், சளி, எண்ணெய், மண் எதுவானாலும் பிளீச்சில் உள்ள குளோரின் முதலில் அதோடுதான் வேலை செய்யும். அழுக்கிலேயே தீர்ந்துபோனால் கிருமிக்கு மிச்சம் இருக்காது. ஆகவே எந்த இடமானாலும் முதல் படி சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுவதுதான். அது கிருமியைக் கொல்வதைவிட, அழுக்கோடு சேர்த்துப் பிடுங்கி அடித்துக்கொண்டு போகிறது. பல இடங்களுக்கு அதுவே போதும். உங்கள் மாமி சொல்வதில் பெரிய நியாயம் இருக்கிறது.

அதற்கு அடுத்த படி, கழுவிய இடத்தில் மிஞ்சிய கிருமியைக் குறைப்பது. சமையல் மேசை, வெட்டும் பலகை, பிள்ளை சாப்பிடும் தட்டு போன்றவற்றுக்கு இது. அதற்கும் மேலே கிருமிகொல்லி போட்டு, சொன்ன நேரம் ஈரமாக விட்டுக் கொல்வது. யாராவது வாந்தி எடுத்த இடம், வயிற்றோட்டக்காரர் போன மலசலகூடம், ரத்தம் சிந்திய தரை எல்லாம் இந்த வகை. கடைசிப் படிதான் ஒரு கிருமியும், சில கிருமிகள் கெட்டி உறைக்குள் உறங்கிக் கிடக்கும் வித்துக்கூட, மிஞ்சாமல் அழிப்பது. அது துணியாலும் வாளியாலும் நடக்காது. அழுத்தமுள்ள நீராவிப் பெட்டிக்குள் 121 பாகை செல்சியஸில் குறைந்தது 15 நிமிடம் வைக்கவேண்டும். உங்கள் கிளினிக்கிலும் டொக்டரின் ஆயுதங்களுக்கு அப்படி ஒரு பெட்டி இருக்கும்.

இதில் எது எந்தப் பொருளுக்கு என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆஸ்பத்திரிகளில் அமெரிக்கர் ஏர்ல் ஸ்போல்டிங் வகுத்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டு வேலை செய்கிறோம். அந்தப் பொருள் மனித உடம்பின் எந்த இடத்தைத் தொடப்போகிறது என்று கேட்பதுதான் அந்தக் கணக்கு. காயமில்லாத தோலை மட்டும் தொடுகிறதா? கழுவினால் போதும், தேவைப்பட்டால் கொஞ்சம் மருந்து. வாய், மூக்கு போன்ற ஈரத்தோலைத் தொடுகிறதா? அதற்குக் கடுமையான கிருமி நீக்கம் வேண்டும். சதைக்குள்ளோ ரத்தத்துக்குள்ளோ போகிறதா? அது நீராவிப் பெட்டிக்குத்தான் போகவேண்டும். ஸ்போல்டிங் இதை ஆஸ்பத்திரி ஆயுதங்களுக்காக எழுதினார். நான் வீட்டுக்கும் இதையே வைத்துக்கொண்டிருக்கிறேன். நட்சத்திர விடுதியின் சலவைக்கல் தரையை மனிதர்கள் சப்பாத்துக் காலால் மிதிக்கிறார்கள். உங்கள் காம்பராவின் சிமெந்துத் தரையில் ஒரு பிள்ளை தவழ்ந்து, அந்தக் கையை வாயில் வைக்கிறது. இரண்டில் எதற்குக் கூடுதல் கவனம் வேண்டும் என்று நீங்களே பாருங்கள். மனிதர்கள் விடுதிக்குத்தான் சம்பளம் கொடுத்துத் துடைக்கச் சொல்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

முதலில் கிளினிக். ஆயுதங்களை நீராவியில் வைப்பது உங்கள் வேலை அல்ல, அதைத் தொடவும் வேண்டாம். நீங்கள் பார்க்கவேண்டியது நாற்காலி, அதன் கைப்பிடி, விளக்குப் பிடி, துப்பும் தொட்டி, சுற்றியுள்ள தரை. முதலில் சவர்க்காரத் தண்ணீர், பிறகு கிருமிகொல்லி. தரையில் ரத்தம் கண்டால் கையுறை போட்டு, உறிஞ்சும் தாளால் மூடி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கழுவித் துடையுங்கள். பிறகு ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி 10 நிமிடம் விடவேண்டும். உடனே துடைத்தால் ஊற்றாததுபோலத்தான். குப்பைக் கூடைக்குள் கையை விட்டு அமுக்கும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது, தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஊசி தவறி அதில் விழுந்திருக்கலாம். ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரசு காய்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாள் உயிரோடு இருக்கும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது: முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. ரத்தம் படக்கூடிய இடத்தில் வேலை செய்கிற எல்லாருக்கும் அது தேவை. அதில் துடைப்பக்காரர், டொக்டர் என்ற வித்தியாசம் கிடையாது. போட்டிருக்காவிட்டால் டொக்டரிடமே கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படவேண்டாம்.

பிளீச் அளவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடையில் கிடைக்கும் சாதாரண பிளீச் பெரும்பாலும் 5 சதவீதம் அளவில் இருக்கும், லேபலைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் 20 மில்லிலீற்றரை ஒரு லீற்றர் தண்ணீரில் விட்டால் 0.1 சதவீதம் வரும். வாந்தி, வயிற்றோட்டம், மலசலகூடம் எல்லாவற்றுக்கும் அந்த அளவு போதும், 10 நிமிடம் ஈரமாக இருக்கவேண்டும். 20 மில்லிலீற்றர் என்பது நான்கு தேக்கரண்டி. கரண்டி வேண்டாம், வீட்டில் பிள்ளையின் பாணி மருந்தோடு வந்த அளவுக் கோப்பை ஒன்று மிச்சமிருந்தால் அதை இதற்கென்றே ஒதுக்கி, மேலே பேனையால் குறி போட்டு, பிள்ளையின் கைக்கு எட்டாமல் வையுங்கள். மறுபடி மருந்துக்கு எடுக்கவேகூடாது. கலந்த தண்ணீரை அன்றன்றைக்கே முடித்துவிடுங்கள். வெளிச்சத்திலும் நாள் செல்லச் செல்லவும் அதன் வீரியம் இறங்கிவிடும். பழைய சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவேண்டாம். தாகத்தில் யாராவது எடுத்துக் குடித்த கதைகளை ஆஸ்பத்திரியில் நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

கூட ஊற்றினால் கூடச் சுத்தம் என்பது தவறு. கை வெடிக்கும், மூச்சு கெடும், கிருமி அதே அளவுதான் சாகும்.

விடுதியில் வேலையைக் கெடுப்பது மருந்துக் குறைவு அல்ல, துணி. பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு நான் ஒன்று செய்து காட்டுவேன். கேசரிப் பவுடரில் ஒரு சிட்டிகையை அவர்களுக்குத் தெரியாமல் மலசலகூடத்துத் தண்ணீர்த் தாங்கியின் பிடியில் தடவிவிடுவேன். வழக்கம்போல ஈரத்துணியால் அறையைத் துடைக்கச் சொல்வேன். கால்மணி நேரத்தில் பார்த்தால் அந்தச் செம்மஞ்சள் நிறம் குழாய்த் திருகில் இருக்கும், கதவுப் பிடியில் இருக்கும், மின்விளக்குச் சுவிட்சில் இருக்கும். ஒரு முறை விருந்தினருக்கு வைக்கும் தேத்தண்ணிக் கோப்பையின் காதிலும் இருந்தது. அந்தப் பிள்ளை கையை வாயில் பொத்திக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. பவுடர் நிறம் கண்ணுக்குத் தெரிந்தது. கிருமி தெரியாது, அவ்வளவுதான்.

ஆகவே துணியைப் பிரியுங்கள். பல இடங்களில் சிவப்பு மலசலகூடத்துக்கு, பச்சை சமையலறைக்கு, நீலம் மற்ற இடங்களுக்கு என்று வைத்திருக்கிறார்கள். வண்ணத் துணி வாங்கித் தராவிட்டால் பழைய துணியைக் கிழித்து மூலையில் நூலால் குறி தைத்துக்கொள்ளுங்கள். வேலையை மேலிருந்து கீழே, சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்கான பக்கத்துக்குக் கொண்டுபோங்கள். மலசலகூடம் கடைசி. ஒவ்வொரு அறைக்கும் புதுத் துணி. ஆட்கள் கை வைக்கும் இடங்களான பிடி, சுவிட்ச், ரிமோட், குழாய், இவை தரையைவிட முக்கியம். முதலாளியின் கண்ணுக்குத் தரைதான் தெரியும், அது அவருடைய குறை. தரையையும் துடையுங்கள், இவற்றையும் துடையுங்கள். வாந்தி, வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும் நோரோவைரசு போன்றவற்றுக்குக் கை தேய்க்கும் அல்கஹோல் திரவம் அவ்வளவாகப் பலிக்காது. அங்கே சவர்க்காரத்தால் 20 விநாடி கை கழுவுவதுதான் சரி.

இனி, நம் ஊருக்கென்றே உள்ள ஒரு தொல்லை. கொழும்பில் சொல்லிக்கொடுப்பவர்கள் "துணியைக் கழுவிக் காயவிடுங்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நுவரெலியாவில் மூடுபனி இறங்கிய வாரத்தில் எந்தத் துணி காய்கிறது? ஈரமாகவே வாளி விளிம்பில் கிடந்து, மறுநாள் எடுக்கும்போது ஒரு ஊத்தை வாடை வரும். அந்த வாடை வந்தால் கிருமி இரவோடு இரவாக அதில் பெருகிவிட்டது என்று அர்த்தம். அதை எடுத்து மேசையைத் துடைப்பதைவிட மேசையை அப்படியே விடுவது நல்லது. இரண்டு கட்டுத் துணி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வேலையில் இருக்கும்போது மற்றது காய்வதற்கு இரண்டு நாள் கிடைக்கும். வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில், நெருப்புப் பிடிக்காத தூரத்தில் ஒரு கொடி கட்டுங்கள். அடுப்படிச் சூடு வெயிலின் வேலையைச் செய்யும். வாரம் ஒருமுறை பாத்திரம் துடைக்கும் துணியைப் பழைய பானையில் போட்டுக் கொதிக்கவிடுங்கள். விடுதியில் இஸ்திரிப் பெட்டி இருந்தால் கடைசி ஈரத்தை அதில் எடுக்கலாம். தும்புத்தடியையும் தரை துடைக்கும் தடியையும் தலைகீழாக நிறுத்திக் காயவிடுங்கள், வாளிக்குள் ஊறவிடாதீர்கள். இதை மட்டும் ஒரு மாதம் செய்து பாருங்கள், நீங்கள் வாங்கும் மருந்துப் போத்தலில் பாதி மிஞ்சும்.

அடுத்து வீடு. மாமியிடம் சமாதானமாகப் போய்விடுங்கள். வீடு முழுக்கக் கிருமிகொல்லி வேண்டாம். வாடை வந்தால்தான் சுத்தம் என்று நாம் பழகிவிட்டோம். வாடை என்பது வாடை மட்டும்தான். தரையைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, சுத்தத் தண்ணீரால் இன்னொரு தடவை துடைத்து, காயவிடுங்கள். பிள்ளையின் துணிக்கு மருந்துத் திரவம் போடத் தேவையில்லை, மிருதுவான தோலை அது உரிக்கும். மலசலகூடத்துக்குப் போய்வந்த செருப்பு இஸ்தோப்பைத் தாண்டி உள்ளே வரக்கூடாது, அதில் கண்டிப்பாக இருங்கள். கொக்கிப்புழு மண்ணிலிருந்து வெறும் தோல் வழியாக ஏறும். 1916-ல் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளையின் ஆட்கள் இலங்கைத் தோட்டங்களில் அதை ஒழிக்க வேலை தொடங்கியபோது, மருந்து கொடுத்துக் குணமானவர்களுக்கே திரும்பத் திரும்ப வந்தது. மலசலகூடம் இல்லாத லயத்தில் மாத்திரை என்ன செய்யும்?

ஸ்போல்டிங்கின் கணக்குப்படி உங்கள் வீட்டில் மேல் படியில் இருப்பவை இரண்டு. ஒன்று பிள்ளையின் வாய்க்குள் போகும் போத்தலும் கரண்டியும். போத்தல் கொடுப்பதாக இருந்தால் சவர்க்காரத்தால் தூரிகை போட்டுத் தேய்த்து அலசிய பிறகு 10 நிமிடம் முழுக அமிழ்த்திக் கொதிக்கவிடுங்கள். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். அதனால் நோய்க்கிருமி சாகாமல் போகாது, ஆனால் கொதி வந்ததும் இறக்கிவைக்கும் அவசரம் வேண்டாம். பீலித் தண்ணீரைக் குடிக்க எடுப்பதானால் நன்றாகக் குமிழ் விட்டுக் கொதித்த பிறகு மூன்று நிமிடம் அடுப்பில் இருக்கட்டும்.

மற்றது மாமியின் கால். அது திறந்த புண், சதைக்கு நேர் வழி. கட்டு மாற்றும் முன்னும் பின்னும் கை கழுவுங்கள். புண் துடைத்த பஞ்சைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டிப் போடுங்கள். கால் கழுவும் பேசினில் பிள்ளையின் துணி துவைக்கவேண்டாம். புண்மேல் பிளீச்சோ தரைக்குப் போடும் மருந்தோ ஒரு துளிகூடப் படக்கூடாது, கிருமியோடு ஆறிவரும் சதையையும் அது கொன்றுவிடும். கட்டும் துணி கிளினிக்கில் கொடுப்பதாகவே இருக்கட்டும்.

நீங்கள் எழுதவில்லை, ஆனால் லயத்துக் காம்பராவில் இல்லாமல் இருக்காது என்பதால் பூஞ்சணத்தைப் பற்றியும் சொல்கிறேன். சுவரில் கறுப்பாகப் படர்ந்திருந்தால் காய்ந்த தும்புத்தடியால் தட்டவேண்டாம், அதன் தூள் காற்றில் பறந்து பிள்ளையின் நெஞ்சுக்குள் போகும். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தெடுங்கள். சுண்ணாம்புச் சுவரில் பிளீச் அடித்தால் நிறம்தான் போகும், வேர் உள்ளே இருக்கும். ஈரம் நிற்கும்வரை அது திரும்ப வரும். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். நடுப்பகலில் வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தாலும் கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். கூரைத் தகரம் ஒழுகினால் அதைத் துணியால் தீர்க்க முடியாது. தோட்ட நிர்வாகத்திடம் எழுதிக் கொடுங்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் சொல்லுங்கள்.

உங்கள் கை. வெடித்த கையால் சவர்க்காரம் பிடிக்க முடியாது, கிருமிக்கும் அதுவே வாசல். 1847-ல் வியன்னா ஆஸ்பத்திரியில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற டொக்டர், பிரேதம் அறுத்த கையோடு பிரசவம் பார்க்க வந்த டொக்டர்களைக் குளோரின் சுண்ணாம்புத் தண்ணீரில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டு என்றிருந்த தாய்மார் சாவு ஜூனில் இரண்டளவுக்கு இறங்கியது. சுத்தமான கை உயிர் காக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அந்தத் தண்ணீர் கையைத் தின்னும். இன்று நமக்குச் சவர்க்காரமே போதும். பிளீச் தொடும்போது முழங்கைக்கு வரும் ரப்பர் கையுறை போடுங்கள், வேலை முடிந்ததும் கையைத் துடைத்து உலர்த்துங்கள், இரவில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

விடுதி முதலாளியிடம் மூன்று பொருள் கேளுங்கள்: கையுறை, குறியிட்ட துணிகள், ஒரு அளவுக் கோப்பை. துப்புரவு நேரத்தில் குளியலறை ஜன்னல் திறந்திருக்கும் என்றும் சொல்லிவிடுங்கள். குளிருது என்று விருந்தினர் சொன்னால் வேலை முடிந்த பிறகு சாத்திக்கொள்ளலாம். அந்த இருமல் இரவில் இன்னும் வருகிறது என்றால் இந்தப் பதிலை மடித்து வைத்துவிட்டு, நாளைக்கே நெஞ்சைக் காட்டி வாருங்கள்.